வெள்ளிக்கிழமைக்கு ஒரு கருவி

கிளை நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரே வேலைக்குப் போயிருக்க, நூலகர்களான நமக்கு மட்டும் லீவு. சமூக வலைத்தளங்களைப் பழக இதைவிட நல்ல நாள் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு கருவிதான், அதாவது ஒரு செயலியோ தளமோ. அடுத்ததைத் தொட அடுத்த வெள்ளி வரை பொறுக்க வேண்டும். கூடவே ஒரு நோட்டு போடுங்கள். மீந்துகிடக்கும் அரசுப் பதிவேட்டில் எழுதாதீர்கள், தணிக்கையில் பதில் சொல்லி மாளாது. நோட்டில் நான்கு பத்தி: கருவியின் பெயர், எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கியது, எதற்காக, வைத்துக்கொள்வதா விடுவதா.

இந்த ஏற்பாடு என் கண்டுபிடிப்பு இல்லை. 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளோவர்ஸ் என்பவர் தம் பணியாளர்களுக்காக 23 பயிற்சிகளை வரிசைப்படுத்தினார். வகுப்பு, வாத்தியார் எதுவும் இல்லை. அவரவர் தாமே செய்து பார்க்க வேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. பல நாட்டு நூலகங்கள் அதைப் பார்த்துத் தாங்களும் நடத்தின. அந்தப் பட்டியலை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் டெலிஷியஸ், பிளாக்லைன்ஸ் என்று போய்ச்சேர்ந்த தளங்கள் நிறைய. அதனால் ஒரு கருவியையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். எனக்கு எம்பி3 எதுவும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வரிசையில் நான் செய்த மாற்றம் ஒன்றுதான். எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் சொந்த ஆசைக்குப் பயன்படுத்துங்கள், அப்புறம் நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். சமையல், கிரிக்கெட், பறவை, பழைய பாட்டு, எதுவானாலும் சரி. வீட்டில் விளையாடும்போது செய்கிற தப்பு நம்மோடு போய்விடும். வேலையில் செய்தால் அது வாசகர் தலையில் விழும். நான் தலைகீழாகத் தொடங்கியதால் தெரிந்துகொண்டது இது.

வாட்ஸ்அப்: குழுவா, வேறா?

உறுப்பினர் படிவங்களில் இருந்த கைப்பேசி எண்களை எல்லாம் எடுத்து, யாரையும் கேட்காமல், 140 பேரைக் கொண்டு ஒரு குழு தொடங்கினேன். முதல் வாரம் இனிமையாகப் போனது. அப்புறம் காலை வணக்க ரோஜாக்கள், மனை விற்பனை, கட்சிக்காரர்களின் ஃபார்வர்டு. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. தவணை கடந்த புத்தகங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்ற அவசரத்தில், 11 பேரின் பெயரையும் அவர்கள் எடுத்த நூல்களின் பெயரையும் தட்டச்சு செய்து குழுவில் போட்டேன். அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக இருந்தது விவாகரத்துச் சட்டம் பற்றிய நூல். அவருடைய நாத்தனாரும் குழுவில் இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார். அபராதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார், கொடுத்தார், போனார். அதற்கப்புறம் அவர் நூலகத்துக்கு வரவே இல்லை. அந்தக் குழுவை அன்றிரவே கலைத்தேன்.

இப்போது நான் செய்வது இது. நூலகத்துக்கென்று தனி சிம். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. காசு கிடையாது, நம் சொந்த வாட்ஸ்அப் இருக்கும் அதே போனில் இதையும் வைத்துக்கொள்ளலாம். அதில் தானியங்கிப் பதில் எழுதிவைக்க வசதி உண்டு. நூலக நேரம், விடுமுறை நாள், உறுப்பினராகச் சேர என்னென்ன கொண்டுவர வேண்டும், இந்த மூன்றையும் எழுதி வைத்தால் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

பொது அறிவிப்புக்குச் சேனல். குழுவில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். சேனலில் பின்தொடர்பவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்கள் நடுவில் எதுவும் அனுப்பவும் முடியாது. புதிய நூல் வரவு, வாசகர் வட்டக் கூட்டம், மழை விடுமுறை எல்லாம் அதில் போகட்டும். சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம். இணைப்பின் கியூஆர் கட்டத்தை அச்சிட்டு வருகைப் பதிவேட்டு மேசையில் ஒட்டிவிட்டேன்.

பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், செய்தி தனித்தனியாகப் போய்ச் சேரும். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். இது தெரியாமல் 'அனுப்பினேனே, வரலையா?' என்று இரண்டு மாதம் வாசகர்களோடு வாதாடியிருக்கிறேன். உறுப்பினராகச் சேரும்போதே, "நம்பரை நூலகம்னு போட்டுச் சேவ் பண்ணிட்டு ஒரு வணக்கம் அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள்.

தவணை நினைவூட்டல் தனிச் செய்தியாகத்தான் போக வேண்டும். அதிலும் நூலின் பெயர் கூடாது, ஏனென்றால் ஒரு வீட்டில் ஒரு போனை நான்கு பேர் பார்ப்பார்கள். நான் அனுப்பும் வாசகம் இவ்வளவுதான்: 'வணக்கம். நீங்கள் எடுத்த ஒரு நூலுக்குத் தவணை முடிந்துவிட்டது. வரும்போது கொண்டுவாருங்கள்.' எந்த நூல் என்று அவருக்குத் தெரியும்.

ராத்திரி வேலை: விக்கிமூலம்

இது என் பொழுதுபோக்கு. சீரியல் நேரத்தில் எனக்கு இதுதான் சீரியல். விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கங்கள் படமாக இருக்கும், பக்கத்திலேயே கணினி அதைப் படித்து எழுதிய எழுத்து இருக்கும். கணினி நன்றாகத்தான் படிக்கிறது, ஆனால் சில இடத்தில் சிரிப்பு மூட்டும். துணைக்காலை ரகரமாகப் படித்து 'வந்தான்' என்பதை 'வந்தரன்' ஆக்கிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் இன்னும் வேடிக்கை. லை, னை, ணை எல்லாம் அப்போது தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்ததும் கணினிக்குத் தலைசுற்றிவிடும். நம் கண்ணுக்கோ அது சின்ன வயதில் தாத்தா வீட்டுப் புத்தகத்தில் பார்த்த எழுத்து.

கணக்கு தொடங்குங்கள். அட்டவணைப் பக்கத்தில் ஒரு நூலைத் திறந்தால் பக்க எண்கள் வண்ண வண்ணமாகத் தெரியும். சிவப்பு என்றால் மெய்ப்பு பார்க்காதது. மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தது. பச்சை, இரண்டாவது ஆளும் சரிபார்த்தது. நீங்கள் மஞ்சளாக்கியதை நீங்களே பச்சையாக்க முடியாது, அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். சிவப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, படத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுத்தைத் திருத்துங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் மூளை தானே திருத்திப் படித்துவிடும். ராத்திரிக்கு ஒரு பக்கம் போதும். நூலின் நடையைத் திருத்தக் கை அரிக்கும், அதைச் செய்யக் கூடாது. அச்சில் பிழை இருந்தாலும் அச்சில் உள்ளபடிதான்.

இது வேலைக்கு எப்படி உதவியது என்றால், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மறுபதிப்பு வராத ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். எங்கள் அடுக்கில் இல்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் விக்கிமூலத்தில் நிறைய இருக்கின்றன என்று ராத்திரி வேலையால் தெரிந்திருந்ததால் தேடிப் பார்த்தேன், கிடைத்தது. அவருக்குக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக் கற்றுக்கொடுத்ததுதான் அரை மணி நேரம் பிடித்தது. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம் என்று அவரே எனக்குச் சொல்கிறார்.

நம் புத்தகக் கணக்கு

குட்ரீட்ஸ், லைப்ரரிதிங் என்ற இரண்டு தளங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்கள் படித்தவற்றைப் பதியுங்கள். தமிழ் நூலைத் தேடும்போது முதலில் ஐஎஸ்பிஎன் எண், கிடைக்காவிட்டால் தமிழில் தலைப்பு, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தில் தலைப்பு. ஒரே நூல் மூன்று பதிவாகச் சிதறிக் கிடப்பதைப் பார்த்து அட்டவணைப்படுத்தும் கை துடிக்கும். குட்ரீட்ஸில் நம் அடுக்கில் 50 நூல் சேர்ந்துவிட்டால் 'நூலகர்' ஆக விண்ணப்பித்து இதையெல்லாம் சரிசெய்யலாம். பட்டம் படித்து, காத்திருந்து வாங்கிய வேலைப் பெயர் அங்கே 50 புத்தகத்துக்குக் கிடைக்கிறது.

சொந்தப் பெயரில் நட்சத்திரம் போடாதீர்கள். உள்ளூர்க் கவிஞர் ஒருவரின் தொகுப்புக்கு நான் 2 நட்சத்திரம் போட்டேன். அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்துக்கு அதே தொகுப்பின் 5 பிரதிகளை அன்பளிப்பாகக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

பள்ளியிலோ கோயிலிலோ சின்ன நூலகம் வைத்திருப்பவர்கள் கேட்டால் லைப்ரரிதிங்கின் டைனிகேட் என்ற நூலகப் பட்டியல் சேவையைச் சொல்லுங்கள். 20,000 பிரதி வரை தாங்கும். எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி பொத்தானை அமுக்கிப் பட்டியலை நம் கணினியில் இறக்கிவைக்க வேண்டும். வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தில் நம் கதவு

இதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. கூகுள் வரைபடத்தில் உங்கள் நூலகத்தைத் தேடுங்கள். எங்கள் நூலகம் வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனதாக எதிர்க்கடை அண்ணன் சனிக்கிழமை சொன்னார். வாசகரின் நேரத்தைச் சேமி என்று சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லேயே தம் நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் நான்காம் விதியாக எழுதிவைத்தார். நாம் அவருடைய படத்தை மாட்டிவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறோம்.

இடத்தைத் தொட்டு, திருத்தம் பரிந்துரைக்கும் இடத்துக்குப் போய், நேரத்தை மாற்றுங்கள். காலையும் மாலையும் மட்டும் திறக்கும் நூலகமாக இருந்தால் ஒரே நாளுக்கு இரண்டு நேரங்களாகப் போடவேண்டும். காலை திறப்பதையும் இரவு மூடுவதையும் மட்டும் போட்டுவிட்டால் ஆட்கள் மத்தியானம் 2 மணிக்கு வந்து நிற்பார்கள். நேரம் எழுதியிருக்கும் பெயர்ப் பலகையைப் படமெடுத்து அதோடு ஏற்றினால் திருத்தத்துக்கு அதுவே சான்று.

தேர்வுப் பிள்ளைகளும் டெலிகிராமும்

நம் வாசிப்பறையை நிறைப்பவர்கள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் இருப்பது டெலிகிராமில். இருபது சேனலில் சேர்ந்து அவர்களோடு போட்டி போட வேண்டாம். இரண்டு போதும், என்ன பேச்சு ஓடுகிறது என்று தெரிந்தால் சரி. தேர்வு தள்ளிப்போனதாக ஒரு படத்தைக் காட்டி, "மேடம், இது உண்மையா?" என்று கேட்பார்கள். ஆமாம் இல்லை என்று நாம் சொல்லக் கூடாது. அறிவிக்கை எண் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, அதே செய்தி ஆணையத்தின் தளத்தில் இருக்கிறதா என்று அவர்களையே பார்க்கவைக்க வேண்டும். தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்பதையும் சேர்த்து. ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். அதற்கு மேல் யாராவது 'பதிவுக்கு' என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் தினம் வரும்: "பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க மேடம்." எழுத்தாளர் மறைந்த ஆண்டோடு 60 ஆண்டைக் கூட்டிப் பாருங்கள். கல்கி மறைந்தது 1954. அந்தக் கணக்கில் 2015 பிறந்ததும் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. ஆசிரியர் நம்மோடு இருக்கிறார் என்றால், அவராகவே இலவசமாகத் தந்திருந்தால் ஒழிய, அடுக்கைக் காட்டி, "அங்க இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்பதுதான் பதில்.

இன்ஸ்டாகிராம் எனக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு ஒட்டினால் கதைநேரப் படங்களைப் போடுங்கள், ஆனால் பிள்ளைகளின் முகம் பெற்றோரைக் கேட்காமல் கூடாது. புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகளை மட்டும் எடுத்தால் படமும் அழகாக வருகிறது.

கடைசியாக அந்த நோட்டு. நான் இங்கே வந்தபோது எங்கள் நூலகத்தின் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்குக் கடவுச்சொல் நினைவில்லை, கணக்கு தொடங்கிய எண்ணும் இப்போது அவரிடம் இல்லை. ஒரு பழைய புத்தகக் கண்காட்சிக்கு வாருங்கள் வாருங்கள் என்று அது இன்றைக்கும் அழைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நூலகக் கணக்குகள் எல்லாம் நூலகத்துக்கென்று தொடங்கிய ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். சேனலுக்கு இன்னொரு நிர்வாகியையும் சேர்த்து வையுங்கள். கடவுச்சொற்களைத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வையுங்கள். இடமாறுதல் ஆணை வந்தால் சாவிக்கொத்து, சேர்க்கைப் பதிவேடு, காப்புத்தொகைக் கணக்கு என்று ஒப்படைப்புப் பட்டியல் எழுதுவோம் இல்லையா, அதில் இன்னும் மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: சிம் 1, நோட்டு 1, ஒட்டிய உறை 1.