எடை குறைந்த கார் பேட்டரி வாங்கும் முன்

வேகக் காரின் எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் முதலில் மாற்றுவது பேட்டரியைத்தான். போர்ஷே நிறுவனம் 911 ஜிடி3 காருக்கு 2010-இல் கூடுதல் விலைக்கு வழங்கிய லித்தியம் பேட்டரியின் எடை 6 கிலோவுக்கும் குறைவு. வழக்கமான ஈய-அமில பேட்டரியைவிட அது 10 கிலோவுக்கு மேல் இலகுவானது. ஆனால் கடுங்குளிரில் அதன் திறன் குறையும் என்பதால், சாதாரண பேட்டரி ஒன்றையும் உடன் கொடுத்தார்கள்.

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'ஈய-அமிலத்துக்கு இணையான' ஆம்பியர்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) எண்ணை நம்பாமல், உண்மையான கொள்ளளவைக் கேட்டறியுங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மாற்றாக வந்த அந்த போர்ஷே பேட்டரியின் கொள்ளளவே 18தான். கொள்ளளவு இவ்வளவு குறைவாக இருந்தாலும் இன்ஜின் உடனே உயிர்பெறும். ஆனால் அலாரத்தை இயக்கத்தில் விட்டுவிட்டுக் காரைச் சில வாரங்கள் நிறுத்தினால், மின்சாரம் முற்றிலும் வடிந்து செல்கள் கெட்டுவிடக்கூடும் என்பதால், மிகைவடிவைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்குங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற லித்தியம் பேட்டரி வகைக்கு 14.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் படியும் சல்பேட்டை நீக்கப் பழைய சார்ஜரில் உள்ள முறையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் காருக்குச் சிறிய ஏஜிஎம் பேட்டரியே (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஈய-அமில வகை) போதும் என்பது என் கருத்து.