சுடுமண் ஜிமிக்கியில் கொக்கி கழன்று வராமல் இருக்க

டெரகோட்டா ஜிமிக்கி செய்பவர்கள் பலர் சுட்ட பிறகு பசை தடவித்தான் கொக்கியை ஒட்டுகிறார்கள், அது நாளாக நாளாகக் கழன்று வந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே கம்பி வளையத்தைச் செருகிவிடுங்கள், ஆனால் நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பியாக இருக்கட்டும், ஏனென்றால் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், செம்பு சூளைச் சூட்டில் உருகாவிட்டாலும் கருத்துப்போய்ச் செதில் செதிலாக உதிரும். செருகும் முனையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் நல்ல பிடிப்பு. அப்புறம், காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும், கம்பி சுருங்காது, அதனால் கம்பியைச் சுற்றி மண் மெலிதாக இருந்தால் அங்கேதான் விரிசல் விழும். அந்த இடத்தை மட்டும் தடிமனாக விடுங்கள். வெயில் வேண்டவே வேண்டாம், நிழலில் முழுசாகக் காயட்டும், உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் வெடித்துவிடும்.