ஒத்தியா, கிரயமா? பழைய பத்திரம் படிக்கும்போது…

தாமிரபரணிப் பாசனத்தில் நஞ்சை வாங்குகிறவர்கள் மூலப்பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அது கிரயமா ஒத்தியா என்பது. கிரயம் என்றால் விற்பனை, உரிமையே கைமாறிவிடும். ஒத்தி அப்படியில்லை. கொடுத்த பணத்துக்கு வட்டியாக விளைச்சலை அனுபவிக்கலாம், ஆனால் நிலம் எழுதிக் கொடுத்தவருடையதுதான். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஒத்தி மீட்ட ரசீது எங்கே என்று கேளுங்கள், வில்லங்கச் சான்றிலும் சரிபாருங்கள்.

‘ஷை’ என்றால் மேற்படி. முன்வரியில் சொன்ன ஆளையோ நிலத்தையோ குறிக்கும்.

ஆண்டில் கவனம் தேவை. பசலி என்பது நில வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலையின் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. நம் பக்கத்துப் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) வரும். அதற்கு 824 அல்லது, ஜனவரி முதல் ஆடி வரையிலான மாதங்களானால், 825 கூட்டுங்கள்.