வெளியே போக முடியாத ஸ்டேஷனுக்குப் போய்வருவது எப்படி?

ஜப்பானில் யோகோஹாமாவின் சுருமி பகுதியில் உமி-ஷிபாவுரா என்று ஒரு குட்டி ஸ்டேஷன் இருக்கிறது, சுருமி லைனின் ஒரு கிளை அங்கேதான் முடிகிறது. பிளாட்பாரம் ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் ரயில் நிற்கும், மறுபக்கம் கம்பித் தடுப்பு, அதைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் காலுக்குக் கீழே நேராகக் கடல் தண்ணீர். ஸ்டேஷனைத் தாண்டினால் தோஷிபா ஆலையின் வாசல்தான், அங்கே காவலாளி நிற்பார், வேலை இருப்பவர்களை மட்டும்தான் விடுவார். அதனால் என்ன, தாராளமாகப் போய்வரலாம்.

முதலில் திரும்பி வரும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போகிற வண்டியை அப்புறம் பார்க்கலாம். ஆலைத் தொழிலாளர்களுக்காக ஓடும் பாதை இது, காலையிலும் மாலையிலும் வண்டிகள் இருக்கும், பகலில் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடக் காத்திருக்க நேரும், நடந்தோ பஸ் பிடித்தோ போய்விடலாம் என்றால் வெளியே போக வழியே கிடையாது. கடையும் இல்லை, ஆகவே தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் கையோடு இருக்கட்டும்.

டோக்கியோவிலிருந்து கெய்ஹின்-தோஹோகு லைனில் வந்து சுருமியில் இறங்கி, மேல்தளத்தில் இருக்கும் சுருமி லைன் பிளாட்பாரத்துக்கு ஏறுங்கள். வருவது 3 பெட்டி வண்டி. அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு ஏறுவது முக்கியம், ஏனென்றால் அசானோவில் பாதை பிரிகிறது. வேறு பக்கம் போகும் வண்டியில் ஏறிவிட்டால் அசானோவிலேயே இறங்கிவிடுங்கள். சரியான வண்டி என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிஷப் பயணம்தான். ஷின்-ஷிபாவுரா வந்ததும் ஜன்னலுக்கு வெளியே கால்வாய் கூடவே வர ஆரம்பிக்கும், அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இறங்கியதும் பலர் மறப்பது, டிக்கெட்டுக்குப் பதிலாகத் தொட்டுப் பயணிக்கும் சூயிகா கார்டை. ஆளில்லாத ஸ்டேஷன், கேட்டும் இல்லை, கார்டைத் தொடுவதற்குச் சின்னக் கருவிகள்தான் நிற்கும். வெளியேறுவதற்கான கருவியில் ஒரு முறை, திரும்பும்போது உள்ளே வருவதற்கான கருவியில் ஒரு முறை தொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் கணக்கு இடிக்கும்.

பக்கத்திலேயே ஒரு சின்னப் பூங்கா. இப்படி வந்து வெளியே போக முடியாமல் நிற்பவர்களுக்காகத் தோஷிபா தன் இடத்திலேயே 1995-இல் அமைத்துக் கொடுத்தது, எனக்கு இந்த ஸ்டேஷனில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே சுருமி சுபாசா பாலம் தெரியும். ஆலைப் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். என்னைக் கேட்டால் பொழுது சாயும் நேரத்தில் போங்கள், பாலத்தில் விளக்கு எரியத் தொடங்கும்போது தடுப்பு ஓரமாக நிற்க வேண்டும்.

திரும்பும்போது நேரம் இருந்தால் சுருமிக்கு முந்தின ஸ்டேஷனான கொகுடோவில் இறங்கிவிடுங்கள். 1930-இல் கட்டிய வளைவுக் கூரைக்குக் கீழே பட்டப்பகலிலும் அரை இருட்டாக இருக்கும், வெளிச்சுவரில் போர்க்காலத்தில் விமானத்திலிருந்து சுட்ட குண்டுகளின் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது.