போட்டி ட்ரக்குக்கு மேனுவலா ஆட்டோமேட்டிக்கா: காசு குடுத்து நான் கத்துக்கிட்ட தப்புங்க

கொஞ்ச நாள் முன்னாடி ஸ்லெட் புல்லிங் (வெயிட் ஏத்துன சறுக்கு வண்டிய செயின்ல கட்டி ட்ரக்கால இழுக்குற போட்டி) ட்ராக்ல ஒரு தம்பிய பாத்தேன். டீசல் ட்ரக், பெரிய டர்போ, ஆட்டோமேட்டிக். செயின் மாட்டி கொடி காட்டியாச்சு, ப்ரேக்க புடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர அடிவரைக்கும் மிதிக்கிறான், ஆர்பிஎம் 1,800ல ஒட்டிக்கிச்சு, கரும்புகை கக்குது, பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தம்) மீட்டர் முள்ளு மட்டும் அசையவே மாட்டேங்குது. 300 அடி ட்ராக்ல பாதி கூட போகல. இறங்கி வந்து சொன்ன முதல் பேச்சே "அண்ணே, இந்த ஆட்டோமேட்டிக்க கழட்டி கடாசிட்டு மேனுவல் போடப்போறேன்". எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு, ஏன்னா இதே பேச்ச நானும் ஒரு காலத்துல பேசுனவன்தான்.

ஆயில் பாக்கணும், போல்ட்டு முறுக்கணும்னெல்லாம் இங்க எழுதப்போறதில்ல. அது தெரியாதவங்க ட்ராக்குக்கே வரமாட்டாங்க.

கன்வெர்ட்டர் பண்ண தப்புக்கு கியர்பாக்ஸுக்கு தண்டனை

நான் பண்ணதுலயே ரொம்ப காசு தின்னது இதான். இன்னைக்கும் யாராவது பண்றத பாத்தா கடுப்பாகுது.

ஆட்டோமேட்டிக்ல எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர் இருக்கு, க்ளட்ச்சுக்கு பதிலா ஆயில் வழியா சுத்து சக்திய (அதான் டார்க்) கடத்துற டப்பா. வண்டி நகராம நிக்கிறப்போ எஞ்சின் எந்த ஆர்பிஎம் வரைக்கும் ஏறமுடியுமோ அதான் ஸ்டால் ஸ்பீடு. நெறைய பேரு இத டப்பா மேல போட்ட நம்பர்னு நெனச்சுக்கிறாங்க, அது அப்படி இல்ல, எஞ்சின் அந்த ஆர்பிஎம்ல எவ்ளோ டார்க் குடுக்குதோ அதப் பொறுத்து மாறும். ஒரே கன்வெர்ட்டர் ஒரு எஞ்சின்ல 2,400 காட்டும், இன்னொன்னுல 1,800லயே நின்னுடும். பெரிய டர்போ போட்ட டீசல், பூஸ்ட் வர்ற வரைக்கும் சோம்பேறி. பூஸ்ட் இல்லாம டார்க் இல்ல, டார்க் இல்லாம ஆர்பிஎம் ஏறாது, ஆர்பிஎம் ஏறாம பூஸ்ட் வராது. தம்பி மாட்டிக்கிட்டது இந்த சுத்துலதான், கியர்பாக்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல.

எனக்கு அப்போ இது புரியல. ஆட்டோமேட்டிக்க அடிமாட்டு விலைக்கு தள்ளிட்டு மேனுவல் வாங்குனேன். கியர்பாக்ஸ் மட்டும்தான் செலவுன்னு நெனச்சா க்ளட்ச் பெடல், ஹைட்ராலிக் சிலிண்டர், ஃப்ளைவீல், டூயல் டிஸ்க் க்ளட்ச், பெல் ஹவுசிங், க்ராஸ்மெம்பர், நீளம் மாத்துன ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், கம்ப்யூட்டர் ட்யூனிங்னு வரிசையா வந்து நிக்குது. எல்லாம் போட்டு லைன்ல நிறுத்தி க்ளட்ச்ச மிதிச்சு ரேஸ் பண்ணா டாக்கோமீட்டர் 3,000 காட்டுது, பூஸ்ட் சுத்தமா இல்ல! லோடு இல்லாம சுத்துற டீசல் கொஞ்சூண்டு டீசல்தான் குடிக்கும், அந்த புகைக்கு டர்போ எந்திரிக்காது. மெதுவா விட்டா எஞ்சின் அமுங்கிடுச்சு. அடுத்த தடவ படக்குன்னு விட்டேன், பின்னாடி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்ட இணைக்கிற யூ-ஜாயின்ட் ரெண்டு துண்டு. முன்னாடி அந்த அடிய கன்வெர்ட்டர்ல இருந்த ஆயில் வாங்கிக்கிச்சு, இப்போ வாங்கிக்க யாரும் இல்ல. எந்த வியாதிக்காக மாத்துனேனோ அது அப்படியே இருக்கு, புதுசா ஒன்னு வேற சேந்துக்கிச்சு.

செய்ய வேண்டியிருந்தது இவ்ளோதான்: கன்வெர்ட்டர கழட்டி, அதுக்குன்னே இருக்கறவர்கிட்ட குடுத்து, வெட்டி பிரிச்சு, உள்ள ஆயில் ஓட்டத்த திருப்பி விடுற ஸ்டேட்டர மாத்தி, எஞ்சினுக்கு ஏத்த ஸ்டால் வெச்சு திரும்ப வெல்ட் பண்ணி வாங்குறது. மேனுவலுக்கு மாத்துன செலவுல அது ஒரு ஓரம். ஆனா அவர்கிட்ட ஹார்ஸ்பவர் மட்டும் சொல்லாதீங்க, டர்போ சைஸ், வண்டி வெயிட், டயர் உயரம், ஆக்சில் ரேஷியோ, எஞ்சின் எந்த ஆர்பிஎம்ல இருந்து இழுக்குது, எல்லாம் சொல்லுங்க. இதெல்லாம் கேக்காமலே விக்கிறவர்கிட்ட வாங்காதீங்க.

ஸ்டால் ஜாஸ்தின்னா நல்லதுன்னு நெனைக்கிறது

இது எதிர்ப்பக்கத்து குழி. லூசான, அதாவது ஸ்டால் ஜாஸ்தியான கன்வெர்ட்டர் ஓடுற நேரம் பூரா ஸ்லிப் ஆகும், ஸ்லிப்னா சூடு. 800 ஹெச்பில 10 சதவீதம் ஸ்லிப் ஆனாலே கிட்டத்தட்ட 60 கிலோவாட் நேரா ஆயில்ல எறங்குது. அதனால கன்வெர்ட்டர ஸ்லிப் ஆகாம பூட்டுற லாக்கப் க்ளட்ச் தாங்கணும், இந்த பவருக்கு ட்ரிப்பிள் டிஸ்க் இல்லாம நான் பேசவே மாட்டேன். இன்னொன்னு, டெம்பரேச்சர் சென்சார கியர்பாக்ஸ் அடியில இருக்குற ஆயில் பேன்ல (pan) மட்டும் வெக்காதீங்க, கன்வெர்ட்டர்ல இருந்து கூலருக்கு போற லைன்ல வைங்க. பேன் சமத்தா இருக்கும், அந்த லைன் அதே நேரம் வெந்துக்கிட்டு இருக்கும்.

ஸ்டாக் இன்புட் ஷாஃப்ட்

கம்பெனில இருந்து வந்த ஷாஃப்ட்டு, கன்வெர்ட்டர்ல இருந்து கியர்பாக்ஸுக்கு பவர கொண்டுபோறது. கழட்டி பாத்தா ஸ்ப்ளைன் (அதுல இருக்குற பல்லு வரி) ஈரத்துணிய பிழிஞ்ச மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கும். பில்லட் (கெட்டி ஸ்டீல் கட்டைய கடைஞ்சு செஞ்சது) போடுங்க.

எந்த போட்டின்னு முடிவு பண்ணாம வாங்குறது

டிராக் (drag) ரேஸ்னா, அதாவது நேர்கோட்டுல ரெண்டு வண்டி பக்கத்து பக்கத்துல ஓடுறதுன்னா, என் ஓட்டு ஆட்டோமேட்டிக்குக்குதான். மேனுவல்ல ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் கால எடுக்கணும், எடுத்தா பூஸ்ட் விழுந்துடும், அது திரும்ப எந்திரிக்கிறதுக்குள்ள பக்கத்து லேன் போயிருப்பான். ஸ்லெட் புல்லிங் வேற கத, பெரும்பாலும் ஒரே கியர்ல கடைசிவரைக்கும் இழுக்குறோம், அங்க மேனுவல் தாராளமா ஓடும், ஆயில் சூடுன்னு ஒரு தலைவலியும் இல்ல. ஆனா என்வி4500 மாதிரி பழைய மேனுவல் கியர்பாக்ஸ் வாங்குறீங்கன்னா அஞ்சாவது கியர் நட்டு கழண்டு வருமே, அத பாத்துட்டு வாங்குங்க.

பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல்

உங்க கால் பக்கத்துலதான் சுத்துது. வெடிச்சா பெல் ஹவுசிங்க (அத மூடியிருக்குற கூட்ட) கிழிச்சுக்கிட்டு வரும். ஸ்டீல் ஃப்ளைவீல், வெடிச்ச துண்ட தடுக்குற ஸ்கேட்டர்ஷீல்ட், ரெண்டும் இல்லாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

மேனுவல்தான் கெத்து

கெத்துக்கு ப்ரைஸ் கிடையாது.

அந்த தம்பி மேனுவலுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டானாம். அத திருப்பி வாங்கிட்டு கன்வெர்ட்டர கழட்டுடான்னு சொல்லிருக்கேன், இன்னும் பதில் வரல.