தேரியில் கண்ட கல்முனை: வகையும் காலமும் பார்ப்பது எப்படி

தூத்துக்குடி மாவட்டத்தில் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) காற்று மணலை வாரிப்போன இடங்களில் விரல்நுனி அளவுக் கற்கருவிகள் (நுண்கற்கருவிகள்) வெளியே தெரிவதுண்டு. பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள். வகையைக் கல்லின் வடிவம் சொல்லும். காலத்தைச் சொல்வது பெரும்பாலும் அது கிடந்த இடம்தான்.

முதலில் பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வைத்து (விட்டம் 27 மி.மீ.) நேர் மேலிருந்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம் எடுங்கள். கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறியுங்கள். கல் உதிரி மணல்மேல் கிடந்ததா, ஓடை அறுத்த இறுகிய செம்மணலில் பதிந்திருந்ததா என்றும் எழுதுங்கள். பதிந்திருந்தால் பிடுங்கவே கூடாது. காலம் கணிக்க உதவக்கூடியது அந்தக் கல்தான்.

அடுத்த கேள்வி, அது மனிதர் செதுக்கியதா என்பது. 10 மடங்கு உருப்பெருக்கியும் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் வேண்டும். செர்ட் (சிக்கிமுக்கி போன்ற நுண்மணிக் கல்) என்றால், அடி விழுந்த முனைக்குக் கீழே சிறு புடைப்பும் அதிலிருந்து விரியும் அலைக்கோடுகளும் தெரியும். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) தாறுமாறாக உடையும் என்பதால் அதில் புடைப்பைத் தேடிப் பயனில்லை, விளிம்பைப் பாருங்கள். ஒரே பக்கமிருந்து வரிசையாக, நெருக்கமாக எடுத்த செதில் தழும்புகள் இருந்தால் அது கைவேலை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, புத்தம்புது நிறத்தில் இருந்தால் மாட்டுக் குளம்போ வண்டிச் சக்கரமோ பட்டு உடைந்தது.

வகைக்கு வருவோம். ஒரு விளிம்பு நேராகக் கூர்மையாகவும், எதிர் விளிம்பு வளைந்து வேண்டுமென்றே மழுக்கப்பட்டும் இருந்தால் பிறை. மழுங்கிய பக்கத்தைப் பிசின் வைத்துத் தண்டில் பொருத்தியிருப்பார்கள். முக்கோணமும் நாற்கோணச் சரிவகமும் இதன் உறவுகள். இரண்டு முகங்களிலும் மெல்லிய செதில்கள் எடுத்த, இலை போன்ற முனை தேரிகளின் தனிச்சிறப்பு.

கூராக இருப்பதெல்லாம் அம்புமுனை ஆகாது. துளைபோடும் ஊசியின் நுனி உருண்டு தேய்ந்திருக்கும். எய்த முனையிலோ நுனியிலிருந்து விளிம்போரமாக நீளமான செதில் பெயர்ந்திருக்கும், அல்லது படிக்கட்டுபோல் முறிந்து நின்றிருக்கும். குறுக்கே நேராக ஒடிந்திருந்தால் அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். மிதிபட்டாலும் அப்படி ஒடியும்.

இலைவடிவ முனை அம்புக்கா எறிஈட்டிக்கா என்று பார்க்க ஓர் அளவுச் சோதனையும் உண்டு. மிகுந்த அகலத்தையும் மிகுந்த கனத்தையும் பெருக்கி இரண்டால் வகுங்கள். 18 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனம் என்றால் 36 ச.மி.மீ. வட அமெரிக்காவில் தண்டோடு கிடைத்த அம்புமுனைகளின் சராசரி சுமார் 33; எறிஈட்டிக்குச் சுமார் 58. இரண்டின் எல்லைகளும் ஒன்றோடொன்று கலப்பதால் இது ஒரு சாடை மட்டுமே.

காலத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இலங்கையின் பாஹியன் குகையில் நுண்கற்கருவிகள் சுமார் 48,000 ஆண்டுக்கு முன்பே உள்ளன. இந்தியாவில் இரும்புக் காலத்தை ஒட்டியும் அவை தொடர்ந்தன. ஆகவே ஒற்றைப் பிறையை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. தேரிக் கருவிகளுக்கு 1956-இல் ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் சொன்ன சுமார் 6,000 ஆண்டுகூட பழைய கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுக் கணித்ததுதான். பக்கத்தில் இரும்புக் காலத்துக் கருப்பு-சிவப்புப் பானையோடு கிடந்தாலும் ஏமாறாதீர்கள். காற்று மணலை எடுத்துவிட்டால் வெவ்வேறு காலப் பொருள்கள் ஒரே தரையில் வந்து உட்கார்ந்துவிடும். செம்மண் கறைக்கும் ஆண்டுக் கணக்கு கிடையாது. ஆனால் கறைபிடித்த பழைய தழும்பை வெட்டிக்கொண்டு கறையில்லாத தழும்பு இருந்தால், பின்னால் யாரோ மறுபடி செதுக்கியிருக்கலாம், அல்லது அண்மையில் அடிபட்டிருக்கலாம். உறுதியான காலம் வேண்டுமென்றால் கருவியைப் புதைத்திருந்த மணலை வெளிச்சம் படாமல் எடுத்து ஒளிர்வு முறையில் (மணல்மேல் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று கணிக்கும் முறை) சோதிக்க வேண்டும். அது ஆய்வாளர்கள் வேலை.

ஏற்கெனவே கையில் வந்துவிட்ட கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள். விளிம்பில் பிசின் எச்சம் இருக்கலாம். அமிலம், வார்னிஷ் கூடவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இடச்சீட்டோடு வையுங்கள். ஒரே பையில் உரசினால் விளிம்பில் புதுத் தழும்புகள் விழுந்து, செதுக்கு வேலைபோலவே காட்டும். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். படங்களையும் குறிப்பையும் மாநிலத் தொல்லியல் துறைக்கோ திருநெல்வேலி அரசு அருங்காட்சியகத்துக்கோ காட்டுங்கள். தோண்டிப் பார்க்க வேண்டாம்.