டனோலி மண்ணில் மெல்லிய சத்தத்தைக் கண்டுபிடிப்பது

மச்சினன் போன மாதம் தங்கம் தேட மெட்டல் டிடெக்டர் வாங்கினார். முதல் நாளே, "அத்தான், சத்தமே வரலையே" என்றார். வந்துகொண்டுதான் இருந்தது, அவர் உரத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

மெல்பர்னிலிருந்து, விக்டோரியா மாநிலத்தின் பழைய தங்க வயலான டனோலிப் பக்கம் ஏழு வருடமாக வார இறுதிகளில் போய்வருகிறேன். 1980இல் அதே வட்டாரத்தில் கிங்கோவர் என்ற ஊர் அருகே கெவின் ஹில்லியர் டிடெக்டரை வைத்து 27 கிலோ தங்கக்கட்டியை எடுத்தார். அன்றிலிருந்து இந்தக் காட்டில் கால் படாத பள்ளம் இல்லை. உரத்துக் கத்தியதையெல்லாம் யாரோ தோண்டிவிட்டார்கள். நமக்கு மிச்சம், ஆழத்தில் கிடப்பதும் சந்தேகமாக ஒலிப்பதும்தான்.

இங்கே மண்ணில் இரும்புச்சத்து அதிகம். அதனால் காந்தத் துடிப்புகளை மண்ணுக்குள் அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்ஷன் வகை மெஷின்தான் சரிப்படும். கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சத்தத்தை மெஷின் ஒதுக்கும்படி சரிசெய்வதை, ஆரம்பத்தில் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். செம்மண்ணிலிருந்து வெளிறிய களிமண்ணுக்குப் போனதும் காயிலை (மெஷினின் அடியில் இருக்கும் தேடும் தட்டு) மேலும் கீழும் அசைத்துத் திரும்பச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால், அந்த இரைச்சலையும் மெஷினில் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் இல்லாமல் இறங்கவே வேண்டாம். பின்னணியில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி வையுங்கள். ஆழத்தில் கிடக்கும் உலோகம் 'பீப்' என்று கத்தாது. அந்த ரீங்காரம் லேசாக எழும்பும், அல்லது ஒரு நொடி தாழ்ந்து மீளும், அவ்வளவே. இதைக் கேட்க நிதானம் வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீச நான் நான்கு வினாடி எடுப்பேன். காயில் மண்ணை உரசியபடியே போகட்டும், வீச்சின் முனையில் மேலே தூக்காதீர்கள். ஒரே கம்பிச்சுருள் கொண்ட மோனோ காயிலின் பார்வை ஆழம் போகப்போகக் கூம்புபோலக் குறுகும். ஆகவே ஒரு வீச்சின் பாதி அகலத்தையாவது அடுத்த வீச்சு மூட வேண்டும்.

சந்தேகம் வந்தால் முதலில் குறுக்கே திரும்பி நின்று வீசிப்பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே புள்ளியில் கேட்டால் நம்பிக்கை வைக்கலாம். அடுத்தது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை: பூட்ஸால் மேல்மண்ணை நான்கைந்து சென்டிமீட்டர் சுரண்டிவிட்டு மறுபடி கேளுங்கள். மண்ணின் சத்தமாக இருந்தால் கலைந்துவிடும். இரும்புக்கல் என்றால் சுரண்டிய குவியலோடு சேர்ந்து நகர்ந்துவிடும். உலோகமாக இருந்தால் அதே இடத்தில் நின்று, முன்னைவிடக் கூர்மையாக ஒலிக்கும். நான் எடுத்த எட்டு கிராம் கட்டி இப்படித்தான் கிடைத்தது. முதல் வீச்சில் அது இருக்கிறதா என்றுகூடச் சொல்லியிருக்க முடியாது.

இரும்பை ஒதுக்கும் வசதியை ஆழத்தில் நம்பாதீர்கள். மெல்லிய சத்தத்தில் மெஷினுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும், பத்துக்கு ஒன்பது ஆணியாகவோ ஈயக் குண்டாகவோ இருந்தாலும்.

தோண்டும்போது சத்தத்தின் மேலேயே கொத்தாதீர்கள், கட்டி சிதையும். பக்கவாட்டில் இறங்குங்கள். அள்ளிய மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில் எடுத்து காயில் மேல் ஆட்டுங்கள். சத்தம் வந்தால் பாதியைக் கொட்டிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். காந்தம் ஒன்று கையில் இருந்தால் ஆணித்துண்டு உடனே ஒட்டிக்கொள்ளும், நேரம் மிச்சம்.

விக்டோரியாவில் தங்கம் தேட மைனர்ஸ் ரைட் என்ற உரிமம் கட்டாயம். பத்து வருடத்துக்குச் செல்லும். அது இருந்தாலும் எல்லாப் பூங்காவிலும் தேட முடியாது, போகுமுன் வரைபடத்தைப் பாருங்கள். பழைய சுரங்கக் குழிகளின் ஓரத்தில் நிற்காதீர்கள்.

குழியை மூடுவது சட்டப்படியும் நம் கடமை. ஆனால் மூடுமுன் காயிலை மறுபடி உள்ளே விடுங்கள். ஒருமுறை ஆணி கிடைத்ததும் சலிப்பில் அப்படியே மூடிவிட்டு வந்தேன். இரவெல்லாம் மனசு உறுத்தியது. மறுவாரம் அதே குழியைத் திறந்து ஒரு கை ஆழம் இறங்கினேன். களிமண்ணோடு ஒட்டி, வேர்க்கடலைப் பருப்பளவு மஞ்சள்.